ஜூன் ஒன்றாம் தேதி பிறந்த பதினொரு பேர்

எனக்குப் பிடித்த நடிகர் யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன். பிடித்த பொழுதுபோக்குப் பூங்கா எது என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற ரோட்டில், உச்சிப்புளியைத் தாண்டியதும் கடலைப் பார்த்துத் திரும்புகிற ஒரு சின்னச் சாலை உண்டு. அதன் கடைசியில் இருக்கிறது என் பூங்கா. பெயரை எழுதப்போவதில்லை. நாங்கள் அங்கே செய்துவிட்டு வந்த காரியம் அப்படி.

நான் முதுகுளத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகல், பட்டா நகல், டி.சி. நகல் என்று நாள் முழுக்க அடுத்தவர்களின் காகிதங்களோடு கிடப்பேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பூங்கா திறந்த புதிதில் மகள் நச்சரிக்கிறாளே என்று கூட்டிக்கொண்டு போனேன். ஒரு மணி நேரத்தில் அவளுக்கு அலுத்துவிட்டது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்ட ஆரம்பித்தாள். நான் அப்போது கொலம்பஸ் கப்பலில் ஏழாவது தடவையாக ஏறிக்கொண்டிருந்தேன். அந்த இரும்புக் கப்பல் முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆடி, உச்சிக்குப் போய் ஒரு நொடி நின்று, வயிற்றை அங்கேயே விட்டுவிட்டு நம்மை மட்டும் கீழே கொண்டுவரும். அந்த ஒரு நொடிக்காக நான் முதுகுளத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன்.

அடுத்த மாதமே வருட அட்டை வாங்கிவிட்டேன். அட்டைக்காரர்களுக்குச் சலுகைகள் உண்டு. லாக்கர் இலவசம். பஜ்ஜிக்குத் தள்ளுபடி. வருடத்துக்கு ஒரு தொப்பி. அதை என் வீட்டுக்காரர் மிளகாய்க் கொல்லைக்குப் போட்டுக்கொண்டு போய் ஒரே வாரத்தில் சாயம் போக்கிவிட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டைக்காரர்களுக்கென்று தனி வரிசை. சாதாரண வரிசைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சிவப்புக் கயிறு. இரண்டும் ஒரே கதவில்தான் போய் முட்டும். ஆனாலும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கத்தைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அதை இல்லையென்று சொன்னால் பொய்யாகிவிடும்.

பூங்காவின் ரசிகர்களுக்கென்று போனில் ஒரு குரூப் இருக்கிறது. பூங்கா ஆட்கள் நடத்துவதில்லை, நாங்களே நடத்துவது. எந்த நாளில் கூட்டம் குறைவு, அலைக்குளத்தில் எத்தனை மணிக்குத் தண்ணீர் மாற்றுகிறார்கள், பொங்கலுக்கு உறியடி உண்டா, போன தடவை உறியடியில் பானைக்குள் நிஜமான பரிசு இருந்ததா இல்லையா என்றெல்லாம் நாள் முழுக்க ஓடும். அதில் நான் பெரிய எழுத்தாளர். ஒவ்வொரு தடவை போய் வந்ததும் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் விமர்சனம் எழுதுவேன். "கொலம்பஸில் கடல் பக்கக் கடைசி வரிசையே சிறந்தது. உச்சியில் நிற்கும்போது நீலக்கடல் விரிந்து கிடக்கும். வெள்ளைப் பாய் விரித்த படகுகள் கொக்குக் கூட்டம் போலத் தெரியும்" என்றெல்லாம் எழுதினால் நாற்பது பேர் பூ அனுப்புவார்கள்.

ஒரே ஒரு ஆள் மட்டும் பூ அனுப்பமாட்டார். பெயருக்குப் பதில் ஒரு கிளியின் படம் வைத்திருக்கும் ஆள். நான் எதை எழுதினாலும் கீழே ஒரே வரி வரும். "கடல் பக்கம் உட்கார்ந்தால் கடல் முதுகுக்குப் பின்னால் அல்லவா இருக்கும்?"

இது விஷயம் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. அந்தக் கப்பலில் இரண்டு முனையில் இருப்பவர்களும் நடுவைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். கடல் பக்க முனையில் உட்கார்ந்தால் முகம் ரோட்டைப் பார்க்கும். ரோட்டுப் பக்க முனையில் உட்கார்ந்தால்தான் முகம் கடலைப் பார்க்கும். கிளி சொன்னது சரி. ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. "திரும்பிப் பார்த்தால் தெரியும்" என்று ஒருமுறை எழுதினேன். "கழுத்து ரப்பரா?" என்று பதில் வந்தது. ஒரு வருஷம் இப்படியே சண்டை. அவன் யாரோ கல்லூரிப் பையன், மீசை முளைக்காத திமிர் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

உண்மையை இப்போது சொல்லிவிடலாம். நான் அந்த உச்சியில் ஒரு தடவைகூடக் கண்ணைத் திறந்ததில்லை. கப்பல் கிளம்பும்போது மூடினால் நின்ற பிறகுதான் திறப்பேன். நீலக்கடலும் கொக்குக் கூட்டமும் என் கற்பனை.

அப்படி இருக்கும்போதுதான் பூங்கா ஒரு புதுச் சலுகையை அறிவித்தது. பிறந்தநாள் அன்று வருகிறவர்களுக்கு நுழைவு இலவசம். தலைக்குத் தங்கக் கலர் கிரீடம், கையில் ஒரு துண்டு கேக். மணிக்கட்டில் ஒரு பட்டை. அதைக் காட்டினால் எந்த வரிசையிலும் நிற்காமல் முன்னால் போய்விடலாம். மைக்கில் பெயர் சொல்லிப் பாட்டுப் போடுவார்கள். சாயங்கால ஊர்வலத்தில் முதல் வண்டியில் உட்கார வைப்பார்கள். "ஆதார் அட்டையைக் காட்டினால் போதும்" என்று அறிவிப்பின் கடைசி வரி.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

என் ஆதார் அட்டையில் பிறந்த தேதி ஜூன் ஒன்று. என் தோழிக்கும் ஜூன் ஒன்று. என்னோடு படித்த முன்னாள் வார்டு மெம்பருக்கும் ஜூன் ஒன்று. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் அந்தக் காலத்தில் இருந்த வாத்தியார், சேர்க்க வருகிற பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயது. பிறந்த தேதி என்னவென்று தாய்மாரைக் கேட்டால், "கம்மா ஒடஞ்ச வருசம்", "வெள்ளாடு ரெட்டைக்குட்டி போட்ட மறுநா" என்பார்கள். அதைப் பதிவேட்டில் எழுத முடியாது. ஆகவே எல்லோருக்கும் ஜூன் ஒன்று என்று எழுதினார். அவர் இருந்த வருஷங்களில் எங்கள் ஊரில் வேறு தேதியில் யாருமே பிறக்கவில்லை.

முதலில் தோழியிடம் சொன்னேன். அவள் ஆடு மேய்க்கிறவள். அறுபது உருப்படி வைத்திருக்கிறாள். பூங்கா என்றால் என்னவென்று பார்த்ததில்லை.

"அங்கன என்னடி இருக்கு?"

"ராட்டினம், தண்ணிக்குளம், கப்பலு. கேக்கு குடுப்பாக. தலையில கிரீடம் வைப்பாக."

"எனக்கா? கிரீடமா?" அவள் கம்பைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "அன்னைக்கு ஆட்டை எங்க கொழுந்தன் பாத்துக்கிருவான். நான் வாரேன்."

மெம்பருக்கு விஷயம் தெரிந்ததும் அதை ஓர் அரசு விழாவைப் போல எடுத்துக்கொண்டார். வீடு வீடாகப் போய் ஜூன் ஒன்றுகளைத் திரட்டினார். இருபத்துச் சொச்சம் பேர் தேறினார்கள். திருப்பூரில் இருப்பவர்கள், வெளிநாடு போனவர்கள், வெட்கப்பட்டவர்கள் எல்லாம் போகப் பதினொரு பேர் மிஞ்சினோம். என் வீட்டுக்காரர் கமுதிப் பக்கத்துக்காரர். ஆஸ்பத்திரியில் பிறந்தவர். சரியான நாளும் நேரமும் நிமிஷமும் எழுதி வைத்திருக்கிறார்கள். அவருக்குப் பிறந்தநாள் கார்த்திகையில்.

"அப்ப எனக்கு மட்டும் டிக்கெட்டா?" என்றார்.

"ஆமா. ஒழுங்காப் பொறந்தா அப்படித்தான்" என்றேன்.

மெம்பர் ஒரு மினி வேன் பிடித்தார். காலையில் கிளம்பி உத்தரகோசமங்கை வழியாகப் போகும்போது, பிறந்தநாளும் அதுவுமாகச் சாமி கும்பிடாமல் போகக்கூடாது என்று அவரே வண்டியை நிறுத்தினார். சந்நிதியில் குருக்கள் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு, "யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டார். பதினொரு பேரும் ஒரு அடி முன்னால் வந்தோம். அவர் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தார். "நட்சத்திரம்?" என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. மெம்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சாமி பேருக்கே பண்ணிருங்க" என்றார். குருக்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே திரும்பினார். என் வீட்டுக்காரர் மட்டும் பின்னாலிருந்து, "ரோகிணி" என்று தன் நட்சத்திரத்தைச் சத்தமாகச் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார். அதில் ஒரு பெருமை.

பூங்கா வாசலில் டிக்கெட் கொடுக்கிற பெண் நல்ல பிள்ளை. என்னை அடிக்கடி பார்த்திருக்கிறாள். என் அட்டையை வாங்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ஐயோ அக்கா, இன்னைக்குப் பிறந்தநாளா? சொல்லவே இல்லை!" என்று எழுந்து நின்று கை கொடுத்தாள். ஒரு கிரீடத்தை எடுத்து என் தலையில் வைத்தாள்.

அடுத்து தோழி அட்டையை நீட்டினாள்.

"இவங்களுக்கும் இன்னைக்குத்தானா? என்ன பொருத்தம்!" என்று இன்னொரு கிரீடம் எடுத்தாள்.

மூன்றாவது மெம்பர். அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கிரீடம் கொடுத்தாள். நான்காவது அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்தாவதை வாங்கவில்லை. எட்டி, எங்கள் வரிசை எதுவரை போகிறது என்று பார்த்தாள். பிறகு போனை எடுத்து, "சார், கொஞ்சம் வாசலுக்கு வாங்க" என்றாள்.

மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். மரியாதையான மனிதர். வேகமாக நடந்து வந்தவர், பதினொரு அட்டைகளையும் மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்தார். ஒவ்வொன்றிலும் விரலை வைத்துக்கொண்டே போனார்.

"எனக்குப் புரியலைங்க. நீங்க எல்லாரும் ஒரே குடும்பமுங்களா?"

"ஒரே ஊரு. ஒரே வாத்தியாரு" என்றார் மெம்பர்.

"அதெப்படிங்க ஒரு ஊர்ல எல்லாரும் ஒரே நாள்ல பிறக்க முடியும்?"

தோழி முன்னால் வந்தாள். தலையில் கிரீடம் இருந்ததால் அவள் குரலுக்கு ஒரு கனம் வந்திருந்தது. "தம்பி, நான் என்னைக்குப் பொறந்தேன்னு எனக்குத் தெரியாது. எங்க ஆத்தாளுக்கும் தெரியாது. கவர்மெண்டுக்குத் தெரியும். அது ஜூன் ஒண்ணுன்னு சொல்லுது. நீங்க இல்லேங்கிறீகளா?"

"நான் அப்படிச் சொல்லலைங்கம்மா…"

பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. மேனேஜர் என் பக்கம் திரும்பினார். வருடக்கணக்காக வருகிறவள், நியாயமாகச் சொல்வேன் என்று நினைத்திருப்பார். "நீங்களே சொல்லுங்க மேடம். நிஜமாவே இன்னைக்கு உங்க பிறந்தநாளுங்களா?"

எனக்கு ஒரு நிமிஷம் சங்கடமாகப் போய்விட்டது. அந்த மனிதர் என்னை எப்போதும் "வாங்க மேடம்" என்று பெயர் சொல்லாத குறையாக வரவேற்பவர். அவரிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. "சார், நான் அடைமழையில பொறந்ததா எங்கம்மா சொல்லும். ஜூன்ல எங்க ஊர்ல மழை பெஞ்சதா எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன். மெம்பர் என் முழங்கையை இடித்தார். நான் நிறுத்தவில்லை. "ஆனா உங்க அறிவிப்பில பிறந்தநாளை நிரூபிக்கணும்னு போடல. ஆதார் அட்டையைக் காட்டினால் போதும்னுதான் போட்டிருக்கு. கடைசி வரி. அதுக்குக் கீழ ஒரு பலூன் படம்."

"சரியாத்தான் சொல்லுது" என்று கயிற்றுக்கு அந்தப் பக்கம், அட்டைக்காரர் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "நானும் படிச்சேன். பலூன் சிவப்பு."

திரும்பிப் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பெண். நரைத்த தலை, பெரிய மூக்குத்தி, கையில் வருட அட்டை. அவளிடமிருந்து லேசாகக் கருவாட்டு வாசனை வந்தது. என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அறிவிப்பை எழுத்து விடாம மனப்பாடம் பண்ற ஆளு அந்தக் குரூப்புல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றாள். "நீதானே கடல் பக்கக் கடைசி வரிசை?"

"நீங்க…"

"கிளி" என்றாள்.

ஒரு வருஷமாக நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த மீசை முளைக்காத பையன் ஐந்து நொடியில் கரைந்துபோனான். மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வருட அட்டை வைத்திருக்கிற இரண்டு பெண்கள் ஒரே பக்கம் நிற்கிறார்கள், பின்னால் முப்பது பேர் வெயிலில் காத்திருக்கிறார்கள், மேஜையில் பதினொரு அரசாங்க அட்டைகள். அவர் பெருமூச்சு விட்டார்.

"ரூல்னா ரூல்தானுங்க. எல்லாரும் உள்ளே போங்க. ஆனா கிரீடம் மூணுதான் இருக்கு. மாத்தி மாத்திப் போட்டுக்கோங்க."

நாங்கள் உள்ளே போனோம். என் வீட்டுக்காரர் மட்டும் டிக்கெட் வரிசையில் நின்று, டிக்கெட் வாங்கி, அதைக் கிழித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைசியாக வந்தார். அன்றைக்கு முழுக்க அவர்தான் கேள்வி கேட்கிற ஆள். குழாயில் தண்ணீர் மெதுவாக வந்தால், "டிக்கெட் எடுத்து வந்திருக்கோம்ல" என்பார்.

மணிக்கட்டுப் பட்டையின் மகிமையை எங்கள் ஊர்க்காரர்கள் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ராட்டினத்திலும் பதினொரு பேர் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையைத் தாண்டிப் போனோம். தட்டாமாலை சுற்றுகிற கோப்பை ராட்டினத்துக்கு முன்னால், குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாருங்க நீங்க எல்லாம்?"

"பொறந்தநா" என்றாள் தோழி.

"எல்லாருக்குமா?"

"ஒரே பிரசவம்" என்று சொல்லிவிட்டு அவள் கோப்பைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அந்த ஆள் மெம்பரின் வழுக்கையையும் என் முகத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டே நின்றார். குழந்தை மட்டும் எங்களுக்குக் கையசைத்தது. அதற்காகத் தோழி இறங்கும்போது தன் கிரீடத்தைக் கழற்றி ஒரு நிமிஷம் அதன் தலையில் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

மைக்கில் வாழ்த்துச் சொல்கிற நேரம் வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பெயர் சொல்லி, தனித்தனியாகப் பாட்டுப் போட வேண்டும் என்று அவர்களுக்கு உத்தரவாம். முதல் மூன்று தடவை அலைக்குளத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஐந்தாவது தடவை கூடவே பாடினார்கள். எட்டாவது தடவை பாட்டு ஆரம்பித்ததும் குளத்திலிருந்து ஒரு "ஐயோ" கிளம்பியது. மைக் பிடித்த பெண்ணுக்கு எங்கள் ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை. பதினொரு தடவை பதினொரு விதமாகச் சொன்னாள். மெம்பர் மேடைக்கே போய்த் திருத்தப் பார்த்தார். அப்படியே மைக்கை வாங்கி, எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தூர் வாரும் கோரிக்கையை இரண்டு வாக்கியம் பேசிவிட்டார். குளத்துக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

அந்த இரைச்சலில் கிளிக்கார அக்கா என் கையைப் பிடித்தாள். "வா, கப்பலுக்கு. இன்னைக்கு அந்த வழக்கைத் தீத்துருவோம்."

வேறு வழியில்லாமல் போனேன். வழக்கமான என் பக்கம் போகாமல் ரோட்டுப் பக்க முனைக்கு என்னை இழுத்துக்கொண்டு போய், கடைசி வரிசையில் பக்கத்தில் உட்கார வைத்தாள். கம்பி வந்து மடியில் இறங்கியது. கப்பல் மெதுவாக ஆடத் தொடங்கியதும் என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

இரண்டு ஆட்டம் போயிருக்கும். காதுக்குப் பக்கத்தில் அவள் குரல் கேட்டது.

"அடிப் பாவி. கண்ணை மூடிக்கிட்டா இருக்கே?"

நான் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு வருசமா நீலக்கடலு, வெள்ளைக் கொக்குன்னு அளந்தியே. எல்லாம் கண்ணை மூடிக்கிட்டா?"

"ஆமாக்கா" என்று கத்தினேன். காற்றில் அது அழுகை மாதிரி கேட்டிருக்க வேண்டும். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். என் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள்.

"சரி, பயப்படாத. நான் சொல்றப்பத் தெற. இப்ப இல்ல. இப்ப இல்ல. ம், இப்பத் தெற."

திறந்தேன். கப்பல் உச்சியில் அந்த ஒரு நொடிக்கு நின்றிருந்தது. என் கால்களுக்குக் கீழே தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் வெள்ளை மணல், அதற்கு அப்பால் கடல். நான் எழுதிய மாதிரி நீலமாக இல்லை. கரையோரம் கலங்கிய பச்சை, தள்ளி ஒரு பழுப்புக் கோடு, கடைசியில் வானத்தோடு சேருகிற இடத்தில்தான் கொஞ்சம் நீலம். கொக்குக் கூட்டம் எதுவும் இல்லை. வல்லம் என்கிற நாட்டுப்படகுகள் நாலைந்து கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தன. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணை மூடவில்லை. கப்பல் கீழே விழுந்து மறுபடி ஏறியது. மறுபடி பார்த்தேன். இத்தனை நாள் இதை விட்டுவிட்டேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

நின்றதும் நான் அவளிடம் ஏதோ நன்றியாகச் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. லாக்கருக்கு ஓடி, போனை எடுத்து, யாரையோ அழைத்தாள்.

"ஏலே, பச்சைக் கொடி கட்டுன வல்லம் கரைக்கு வருது. தண்ணிக்குள்ள நல்லா அமுங்கி வருது, மீன்பாடு கனமாத்தான் இருக்கும். நான் வாற வரைக்கும் ஒரு பயலுக்கும் குடுத்துறாத."

போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து அசடு வழிந்தாள். பிறகு மெல்ல விஷயம் வெளியே வந்தது. அவள் கருவாடு வியாபாரி. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் நடக்கும்போது வல்லங்கள்தான் கடலுக்குப் போகும். எந்த வல்லம் எப்போது கரையேறும் என்று முதலில் தெரிந்துகொள்கிற வியாபாரிக்கே மீன். அந்தச் சுற்று வட்டாரத்தில் கடலைப் பார்க்க இந்தக் கப்பலை விட உயரமான இடம் இல்லை.

"அப்ப இதுக்குத்தான் வருட அட்டையா?" என்றேன்.

"மொதல்ல அதுக்குத்தான்" என்றாள். "அப்புறம் வல்லம் எறங்காத நாள்லயும் வர ஆரம்பிச்சுட்டேன். வீட்ல கேட்டா வல்லம் பாக்கப் போறேம்பேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறியதை அவளும், அவள் வியாபாரத்துக்கு ஏறியதை நானும் குரூப்பில் சொல்வதில்லை என்று அங்கேயே பேசி முடித்துக்கொண்டோம். அவள் மீன் வாங்கக் கிளம்பும் முன்னால் இன்னும் மூன்று தடவை ஏறினோம். மூன்றாவது தடவை நான் கையைக்கூட மேலே தூக்கிப் பார்த்தேன்.

சாயங்கால ஊர்வலத்தில் முதல் வண்டியில் நான்கு பேருக்குத்தான் இடம். மெம்பர் ஏறிவிட்டார், அவரை இறக்க யாராலும் முடியவில்லை. மற்ற மூன்று இடத்துக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். தோழிக்கு ஓர் இடம் விழுந்தது. எனக்கு விழவில்லை. வண்டிக்குப் பின்னால், ஆட்டம் ஆடுகிற கரடி வேஷக்காரர்களோடு சேர்ந்து நடந்து போனேன். பாண்டு வாத்தியம் முழங்க, தோழி அந்த வண்டியின் மேல் கிரீடத்தோடு நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் நின்ற ஜனங்களைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனாள். ஆடு மேய்க்கிற கோலத்தில் யாரும் அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே இருநூறு பேர் போன் வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஓரிடத்தில் அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். கேட்டபோது, "தூசிடி" என்றாள்.

ஒரு வாரத்தில் பூங்கா அந்தச் சலுகையை மாற்றிவிட்டது. ஒரு நாளைக்கு நான்கு பேருக்கு மட்டும், முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். குரூப்பில் பெரிய கொந்தளிப்பு. "யாரோ தப்பாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்", "இப்படிப்பட்டவர்களால் உண்மையான ரசிகர்களுக்குத்தான் கெடுதல்" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். நான் பேசாமல் இருந்தேன். அரை மணி நேரம் கழித்துக் கிளி எழுதியது: "மிகவும் வருந்தத்தக்கது. அவர்கள் யாரென்று தெரிந்தால் சொல்லுங்கள்." அன்று முழுக்க அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். ஒரு பட்டாவின் ஒரே பக்கத்தைத் தாளின் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துத் திட்டு வாங்கினேன்.

தோழியைக் குரூப்பில் சேர்த்துவிட்டது நான்தான். அவளுக்கு எழுத வராது, குரலில் பேசித்தான் அனுப்புவாள். முதல் செய்தியே நாலு நிமிஷம். பின்னால் ஆடுகள் கத்துகிற சத்தத்தோடு பேசியிருந்தாள். "கிரீடம் நல்லாருந்துச்சு. கேக்கு இனிப்பு சாஸ்தி. கப்பலு நமக்கு ஆகாது. ஒண்ணு சொல்லுறேன், கேட்டுக்கங்க. ராட்டினத்துக்கு நிக்கிற எடத்துல ஒரு பொட்டு நெழலு இல்ல. நான் அறுவது ஆட்ட வச்சு மேய்க்கிறேன். உச்சிவெயில்ல ஒரு ஆட்டக்கூட அப்பிடி நிப்பாட்ட மாட்டேன். பிள்ளைக எல்லாம் மொகஞ்செவந்து நிக்கிதுக. ஆட்டுக்குத் தண்ணி வைக்கிற மாதிரி அங்கங்க ஒரு தொட்டியாவது வைக்க வேணாமா? இத அந்தக் கோயமுத்தூர்த் தம்பிகிட்டச் சொல்லுங்க. நல்ல தம்பி. அதுக்குத் தெரிஞ்சிருக்காது."

இத்தனை நாள் நாங்கள் எழுதிய எந்த விமர்சனத்திலும் அந்த வரிசையின் வெயில் வந்ததில்லை. எங்களுக்குத்தான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் சீக்கிரம் கதவு வந்துவிடுமே. கிளி அந்தக் குரல் செய்தியை மேனேஜருக்கு அனுப்பியது. அவர் அதைத் தன் ஆட்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினாராம். ஆடு கத்துகிற இடத்தில் எல்லோரும் சிரித்தார்களாம். நிழல் பற்றிச் சொன்ன இடத்தில் யாரும் சிரிக்கவில்லையாம்.

அடுத்த தடவை நான் போனபோது வரிசைகளுக்கு மேலே பச்சை வலை கட்டியிருந்தார்கள். மூன்று இடத்தில் தண்ணீர்க் குடம் இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, மேய்ச்சலில் இருந்த தோழியிடம் காட்டினேன். போனை வெயிலுக்கு மறைத்துப் பிடித்து, வெகு நேரம் பார்த்தாள்.

"வலையைத் தாழக் கட்டிட்டாய்ங்க" என்றாள். "காத்து வராது. இன்னும் ரெண்டு முழம் தூக்கிக் கட்டச் சொல்லு."